படி இல்லாத மாடி

கால்வாயை ஒட்டிய அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் சாவியம்மா. சமுதாயக் கூடத்தின் சாவிக்கொத்து எப்போதும் அவள் இடுப்பில் தொங்கும். அவள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். கூடத்தைத் திறப்பது, பெருக்குவது, நாற்காலி போடுவது, போட்டதை எடுப்பது, கழிவறை கழுவுவது, கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு டீ போடுவது, அவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையை அள்ளுவது, இத்தனைக்கும் சேர்த்து நகராட்சி அவளுக்குக் கொடுத்திருந்த பதவி 'பராமரிப்பாளர்'. சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பதவியின் பெயர் சம்பளத்தைவிட நீளம்.

அதற்கு முன்னால் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற கம்பெனியில் இருந்தாள். புருஷன் லாரி ஓட்டினான். ஒருநாள் லோடு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. லாரி மட்டும் வேறொரு டிரைவரோடு வந்து நின்றது. "லாரிக்காவது ரோஷம் இருக்கு, வீடு வந்து சேர்ந்துச்சு" என்றாள். அழவும் இல்லை, தேடிப் போகவும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்கா கதவைத் திறந்து, "கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள். அதற்குமேல் ஒரு கேள்வி கிடையாது, இன்றுவரைக்கும்.

அக்கா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுகிற வேலை பார்த்தவள். ஊரில் இருக்கிற கனத்தையெல்லாம் முப்பது வருஷம் தன் இடுப்பில் தாங்கினாள். கடைசியில் ஒரு தடித்த மனுஷனைக் கட்டிலில் இருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது கூடப் பிடித்தவன் கையை விட்டுவிட்டான். அந்த ஆள் அலுங்காமல் இவள் மேலேயே விழுந்து பிழைத்துக்கொண்டான். இவளுக்கு முதுகுத்தண்டு போயிற்று. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. ஆனால் கை இரண்டும் இரும்பு. கட்டிலில் இருந்து நாற்காலிக்கும், நாற்காலியில் இருந்து கழிவறைக்கும் தானே மாறிக்கொள்வாள். யாராவது உதவிக்கு வந்தால் கையைத் தட்டிவிடுவாள். "நான் தூக்குனவ. என்னை எவனும் தூக்கக் கூடாது" என்பாள். அந்த வீம்பைச் சாவியம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அவர்கள் வீடு கூடத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த இரண்டு அறை. தெருவிலேயே பள்ளமான இடம் அதுதான். கால்வாய் பொங்கினால் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது அவர்களைத்தான். போன வெள்ளத்தில் தெருவே கூடத்துக்குள் ஓடிவந்து மேஜைகளின் மேல் ஏறி நின்றது. அக்காவை மேடையில் ஒரு மேஜை போட்டு அதில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் அந்த மேஜையையும் விடவில்லை. மழையும் சாக்கடையும் கலந்த அந்தக் கண்றாவியில் இடுப்புவரை ஊறிக்கொண்டு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்திருந்தாள். உணர்ச்சி இல்லாத தோல், வலி தெரியவில்லை. புண் மட்டும் வந்தது. ஆறுவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. தினமும் கழுவிக் கட்டியவள் சாவியம்மா. எலும்பு தெரிந்த நாட்களும் உண்டு. "இன்னொரு தடவை இப்படி ஊறினா இவங்க உடம்பு தாங்காது, பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் சாவியம்மாவுக்கு உலகத்தில் வேறு கவலையே இல்லை. அடுத்த தண்ணீர் வருவதற்குள் அக்காவை உயரத்தில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளம் வடிந்ததும் அரசாங்கங்கள் வந்தன. ஆமாம், ஒன்றல்ல, இரண்டு. பெரிய அரசாங்கம் தலைநகரில் இருந்து வந்தது, சின்ன அரசாங்கம் நகராட்சியில் இருந்து வந்தது. இரண்டும் மேடையில் கைகோத்து நின்று, 'சமூக மீள்திறன் கூட்டு நிதி' என்று ஒன்றை அறிவித்தன. தெருவில் யாருக்கும் புரியவில்லை. முனையில் கடை வைத்திருந்த வெல்டர்தான் விளக்கம் சொன்னான். "மீள்திறன்னா வேற ஒண்ணுமில்ல. நம்மளை எத்தனை தடவை தண்ணியில முக்கினாலும் நாமளே மூச்சுப் பிடிச்சு மேல வந்துக்கணும். அதுக்குப் பேரு." அக்கா வேறு மாதிரி சொன்னாள். "பெரிய வீடு, சின்ன வீடு கதைதான். இவங்க செலவை அவங்க தலையில கட்டுவாங்க, அவங்க செலவை இவங்க தலையில கட்டுவாங்க. நடுவுல நாம."

ஆனாலும் கட்டினார்கள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே கட்டினார்கள். கூடத்தின் மேல் ஒரு மாடி. தெருவே படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய ஹால். இரண்டு கழிவறை, தண்ணீர்த் தொட்டி, கம்பி போட்ட பெரிய ஜன்னல்கள், சக்கர நாற்காலி தாராளமாக நுழைகிற அகலத்தில் ஒரு கதவு. சாவியம்மா தினமும் வேலைக்கு நடுவே அண்ணாந்து பார்ப்பாள். ஒருநாள் சாரம் கட்டியிருந்த மரங்களை எல்லாம் பிரித்து காண்டிராக்டர் லாரியில் ஏற்றினான். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மாடி இருக்கிறது, கதவு இருக்கிறது, கதவுக்குப் பளபளவென்று கைப்பிடி இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தால் ஆகாயம். படி இல்லை.

"சார், படி எங்க சார்?" என்று நகராட்சி இன்ஜினியரைக் கேட்டாள். இந்த இன்ஜினியர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல். எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார்.

"படி நம்ம பங்குமா. கட்டடம் அவங்க பங்கு, ஏறுற வழி நம்ம பங்கு. அப்படித்தான் ஒப்பந்தம்."

"நம்ம பங்குன்னா நாமதானே சார் போடணும்?"

"போடத்தான் போறோம். அதுக்குக் கூட்டு நிதியிலேர்ந்து காசை அவங்க விடணும். கட்டடம் முடிஞ்சதுன்னு ஆனப்புறம்தான் விடுவாங்க."

"அதான் முடிஞ்சிடுச்சே."

"எப்படிம்மா முடியும்? ஏறிப் போய்ப் பார்க்க வழி இல்லாத கட்டடத்தை முடிஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?" என்று அவர் நியாயமாகவே கேட்டார்.

சாவியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாரோ என்று பார்த்தாள். இல்லை. மனுஷன் நிஜமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு கூத்து எங்கேயாவது உண்டா? படி வைத்தால் காசு வரும், காசு வந்தால் படி வைப்பார்கள். உள்ளுக்குள்ளேயே படி வைத்துக் கட்டியிருக்கக் கூடாதா என்று வெல்டர் கேட்டான். படி வைத்தால் இடம் குறையும், இடம் குறைந்தால் ஆள் கணக்கு குறையும், ஆள் கணக்கு குறைந்தால் நிதி குறையும், அதனால் இரண்டு அரசாங்கமும் கலந்து பேசி ஒருமனதாகப் படியை வெளியே தள்ளிவிட்டார்களாம். வெளியே தள்ளிய படி வெளியேயே போய்விட்டது.

திறப்பு விழாவும் நடந்தது. மேலே போக முடியாததால் ரிப்பனைக் கீழே சுவரோரமாகக் கட்டி வெட்டினார்கள். வெட்டிவிட்டு எல்லாருமாக அண்ணாந்து அந்தக் கதவைப் பார்த்துக் கைதட்டினார்கள். சாவியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் தட்டாமல் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொத்தில் மேல்கதவின் சாவியும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

அப்புறம் ஒருங்கிணைப்புக் குழு கூட்டங்கள் ஆரம்பித்தன. மாதம் ஒருமுறை, வேறு எங்கே, அதே கூடத்தில்தான். தலைநகரில் இருந்து ஓர் அதிகாரி வருவார். தெருவில் அவரைத் தலைநகர்க்காரர் என்பார்கள். வெள்ளைச் சட்டை, மெத்தென்ற குரல், யாரையும் கடிந்து ஒரு சொல் கிடையாது. இன்ஜினியரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுவார்கள். இவர் சொல்வதை அவர் ஆமோதிப்பார், அவர் சொல்வதை இவர் ஆமோதிப்பார். ஒரு நாளாவது மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருந்தால்கூடச் சாவியம்மாவுக்கு அவர்கள்மேல் மரியாதை வந்திருக்கும். போட்டால்தானே! டீயை வைத்துக்கொண்டே ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள்.

"சார், மழைக்காலம் பக்கத்துல வந்துடுச்சு. படி எப்ப சார் வரும்?"

தலைநகர்க்காரர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல கேள்விம்மா. இந்த மாதிரி மக்கள்கிட்டேர்ந்து கேள்வி வரணும். அதுதான் எங்களுக்கு உற்சாகம்."

"சரிங்க சார். பதில்?"

"ஐயா சொன்னதை நான் முழுசா ஏத்துக்கறேன்" என்றார் இன்ஜினியர்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். சாவியம்மா காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாயைக் கொப்புளித்துவிட்டுத்தான் தம்ளர் கழுவினாள்.

அன்று சாயங்காலம் வெல்டர் கடையில் போய் நின்றாள். அவன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். "என்ன சாவியம்மா, மூஞ்சி இப்படி இருக்கு?" சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. போன வெள்ளத்தில் அவன் கடை மிஷின் எல்லாம் போயிருந்தது. மேஜைமேல் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றவன் அவன்தான். "இவனுங்ககிட்ட எதுக்குப் போய்க் கெஞ்சறீங்க? ஒரு படிதானே? இரும்பு குடுங்க, நான் போடறேன். கூலி வேணாம்."

தெரு இரும்பு கொடுத்தது. ஒருவர் பழைய கேட்டைக் கொண்டுவந்து போட்டார். ஒருவர் ஜன்னல் கம்பி கொடுத்தார். மூடிப்போன கடையின் ஷட்டர் சட்டம் வந்தது. அக்கா தன் இரும்புக் கட்டிலையே கொடுத்துவிட்டாள். "எனக்கு மரக்கட்டில் போதும். எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். வெல்டர் சக்கர நாற்காலியை நாலு பக்கமும் அளந்துகொண்டு போனான். நாலு பேர் நாற்காலியோடு ஏறுகிற அகலம், முட்டி வலிக்காத தாழ்வான படிகள், இரண்டு பக்கமும் கைப்பிடி. பெயிண்ட் மட்டும் மிச்சம் மீதியில் அடித்தது. பாதி பச்சை, பாதி பழுப்பு. பார்க்கச் சகிக்காது. ஆனால் ஏறலாம்.

முதலில் அக்காவை ஏற்றிப் பார்த்தார்கள். என்னைத் தூக்கக் கூடாது என்கிறவள், நாற்காலியைத்தானே தூக்குகிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு சம்மதித்தாள். சம்மதித்தாளே தவிர வாயை மூடவில்லை. "ஏய், முதுகை வளைக்காதடா. முட்டியை மடக்கு. எல்லாரும் ஒண்ணா மூச்சு விடுங்க. இடது பக்கம் யாரு, தூங்கறியா?" என்று அதட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். சாவியம்மா முன்னால் ஓடி, தன் கொத்தில் இருந்து அந்தச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே சிமென்ட் வாசனை இன்னும் போகவில்லை. அக்கா சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்த்தாள். கால்வாய், கூரைகள், மொட்டைமாடியில் காயும் துணிகள் எல்லாம் கீழே தெரிந்தன. "எவ்வளவு காத்து பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சாவியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. யாரோ படியைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. 'அரசாங்கத்தால் முடியாததைத் தெருக்காரர்கள் செய்தார்கள்' என்று எழுதி, கீழே நூறு பேர் சிரித்திருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. வெள்ளம் வந்து மனுஷன் மூழ்கியபோது அசையாதவர்கள், மானம் போகிறது என்றதும் துள்ளி எழுந்தார்கள். ஒரு காலையில் கூடத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரே நோட்டீஸ், இரண்டு முத்திரை. சுவர் பெரிய அரசாங்கத்தின் சொத்து. அதில் துளை போட்டது குற்றம். தரை சின்ன அரசாங்கத்தின் சொத்து. அதில் கால் ஊன்றியது குற்றம். அனுமதியில்லாத கட்டுமானம், உடனே அகற்றப்படும்.

உடனே என்றால் உடனேதான். மறுநாளே லாரி தலைநகரில் இருந்து வந்தது, வெட்டுகிற ஆட்கள் நகராட்சியில் இருந்து வந்தார்கள். மூன்று வருஷமாகச் சேர்ந்து ஓர் ஆணி அடிக்காத இரண்டு அரசாங்கங்களும் அன்றைக்கு எப்படி ஒத்துழைத்தன தெரியுமா? கல்யாண வீட்டில் சம்பந்திகள்கூட அப்படி ஒத்துப்போக மாட்டார்கள். "கேஸ் சிலிண்டர் எங்களுது, எடுத்துக்குங்க." "ஆள் பத்தலையா, நம்ம பையன்களை அனுப்பறேன்." தலைநகர்க்காரரும் இன்ஜினியரும் ஒரே குடையின்கீழ் நின்று மேற்பார்வை பார்த்தார்கள். பச்சையும் பழுப்புமாகத் துண்டு துண்டாக விழுந்தது. அக்காவின் கட்டில் சட்டத்தைச் சாவியம்மா அடையாளம் கண்டுபிடித்தாள்.

வெல்டர் நடுவில் போய் நின்று கத்தினான். இன்ஜினியர் அவன் தோளைத் தொட்டு, "உணர்ச்சிவசப்படாதீங்க தம்பி. நாளைக்கு யாராவது விழுந்தா யார் பொறுப்பு?" என்றார்.

"தண்ணி வந்து செத்தா யார் சார் பொறுப்பு?" என்று சாவியம்மா கேட்டாள்.

"அதுக்குத்தாம்மா கூட்டுப் பொறுப்புன்னு வச்சிருக்கோம்" என்றார் தலைநகர்க்காரர், அந்த மெத்தென்ற குரலில். அறைந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

படி போன அடுத்த வாரம் மழை பிடித்தது. ஒருநாள் மத்தியானம் கால்வாய் கரையைத் தாண்டியது. தண்ணீர் தெருவுக்குள் வந்த வேகத்தைப் பார்த்து, இது போன தடவையைவிட மோசம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெல்டர் நகராட்சிக்குப் போன் போட்டான். மீட்பு வண்டி தலைநகரத்துப் பொறுப்பு என்றார்கள். தலைநகரத்துக்குப் போட்டான். முதல் உதவி உள்ளூர்ப் பொறுப்பு என்றார்கள். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெயிண்டர் ஒருவரின் நீள ஏணியைத் தூக்கிவந்து மேல்கதவில் சாத்தினான். சாவியம்மா ஏறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு இறங்கினாள். பிள்ளைகள், கிழவர்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று ஒவ்வொருவராக நடுங்கிக்கொண்டே ஏறினார்கள்.

அக்கா கீழே கூடத்தில், நாற்காலியில் இருந்தாள். தண்ணீர் சக்கரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ ஏறுடி. நான் மேடைக்குப் போயிக்கறேன்."

"வாயை மூடுக்கா."

"என்னைத் தூக்கி ஏணியில ஏத்த முடியாது. நான் ஆஸ்பத்திரியில எத்தனை பார்த்திருக்கேன். ரெண்டு பேரும் விழுவோம். போடி, சொல்றேன்ல."

"போன தடவை உன் புண்ணைக் கழுவினவ நான். எனக்குத் தெரியும் போறதா வேணாமான்னு" என்று சாவியம்மா கத்தினாள். அக்காவிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

வெல்டர் தன் கடையில் கனமான சாமான் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து, மேல்கதவின் நிலைக்குமேல் இருந்த உத்தரத்தில் மாட்டினான். ஒரு தார்ப்பாயை மடித்து, அதில் அக்காவை உட்காரவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். சங்கிலியை இழுக்க இழுக்க, கொட்டுகிற மழையில், தெரு மொத்தமும் மேலே நின்று பார்க்க, அக்கா எழும்பினாள். பாதியில் சுற்ற ஆரம்பித்தாள். முகம் ஒருதரம் சுவரில் இடித்தது. துணி தொடைக்குமேல் ஏறிவிட்டது. இழுத்துவிட அவளுக்குக் கை இல்லை, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். நடுவானில் மூத்திரம் அடக்க முடியாமல் போய்விட்டது. கீழே நின்ற சாவியம்மாவின் தோளில் அது விழுந்தது. மேலே இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா கண்ணை இறுக மூடியிருந்தாள். ஓர் ஆள் மானத்தோடு ஏறிப்போன படியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, அவளை மூட்டை மாதிரி தொங்கவிட்ட பாவிகளை என்ன சொல்லித் திட்டுவது? சாவியம்மாவுக்குத் தெரிந்த வசவெல்லாம் அன்றைக்குப் போதவில்லை.

ஆனால் அக்கா ஊறவில்லை. மேலே போய், உலர்ந்த துணி மாற்றி, பின்னால் தூக்கிக்கொண்டுவந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் வடிகிறவரை சுவர்ப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொருவராக ஏணி வழியே இறங்கி அவரவர் வீட்டுச் சேற்றை அள்ளப் போனார்கள். செயின் பிளாக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வெல்டரிடம் அக்கா சொன்னாள்: "அதைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போ. நான் எறங்கல."

சாவியம்மா விளையாட்டு என்று நினைத்தாள். "சரி வா, நாளைக்குச் சண்டை போடலாம்."

"படி வந்தா எறங்கறேன். படியில, நாற்காலியோட. இன்னொரு தடவை என்னை அந்தச் சங்கிலியில மாட்டுனீங்க, கையைக் கடிச்சுடுவேன்."

மிரட்டல் இல்லை, முடிவு. சாவியம்மாவுக்கு அக்காவின் குரல் தெரியும். கூடைக்குள் சாப்பாடு வைத்துக் கயிற்றில் அனுப்பினாள். ராத்திரி தானும் ஏறிப் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பகலில் இறங்கிக் கூடத்துச் சேற்றை அள்ளினாள். தெருக்காரர்கள் போகிறபோதும் வருகிறபோதும் அண்ணாந்து, "என்னக்கா, மாடி வாசம் எப்படி?" என்று கேட்டார்கள். "வாடகை இல்ல, வாங்க" என்றாள் அக்கா.

நாலைந்து நாள் கழித்து இன்ஜினியரும் தலைநகர்க்காரரும் வந்தார்கள். கூடவே ஒரு போட்டோகிராபர், ஒரு பேனர். 'கூட்டு முயற்சியின் வெற்றி: உயிரிழப்பு இல்லை' என்று பேனரில் எழுதியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் இன்னும் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறாராம். பேனரை மேல்கதவுக்குக் கீழே கட்டப் போனவன் கையை நிறுத்திவிட்டான். திறந்த கதவில், நாற்காலியில், அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா அது? வெள்ளம்தான் வடிஞ்சிடுச்சே, கீழ வாங்க" என்றார் இன்ஜினியர்.

"வரேன். படி எங்க?"

"படி வரும்மா. அது பரிசீலனையில இருக்கு."

"சரி, பரிசீலனை முடியட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இரண்டு பேரும் ஒதுங்கிப் போய்ப் பேசினார்கள். போன் பேசினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. கூடை வைத்த பெரிய கிரேன் வண்டி சேற்றில் உருண்டு வந்தது. வண்டி பெரிய அரசாங்கத்தின் வண்டி, டீசல் சின்ன அரசாங்கத்தின் டீசல். சாவியம்மா கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே போட்டாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது இல்லாத வண்டி. கெஞ்சிக் கூப்பிட்டபோது பொறுப்பில்லாத வண்டி. அக்காவை ஏற்ற வராதது, இறக்க வந்துவிட்டது.

இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டார். கையில் ஒரு பெல்ட் இருந்தது. "நீங்க நம்ம ஸ்டாஃப். நீங்க சொன்னா கேப்பாங்க. மேல போய் இந்த பெல்ட்டை அவங்க இடுப்புல கட்டிடுங்க. பெரியவர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடணும். இல்லேன்னா உங்க வேலைக்குக்கூட நான் பதில் சொல்ல முடியாதும்மா. என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"இல்ல சார். உங்களைத் தப்பா நினைக்கல. சரியாத்தான் நினைச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

அக்கா பெல்ட்டைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த வீம்பு மெல்ல இறங்கியது. "வேலையை எடுத்துடுவேன்னானா?"

"ஆமா."

அக்கா கொஞ்ச நேரம் கால்வாயைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையையும் இடுப்பில் இருந்து விலக்கிக்கொண்டாள். "கட்டு. உன் சோத்துல மண்ணைப் போட்டுட்டு நான் இங்க உட்கார்ந்திருக்க முடியாது. கண்ணை மூடிக்கறேன், சீக்கிரம் கட்டு."

அந்த விலக்கிய கைகளைப் பார்த்ததும்தான் சாவியம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரையும் தொடவிடாதவள், தனக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் இவன்கள் மிரட்டலுக்காக. பெல்ட்டைச் சுருட்டிக் கதவு வழியே வெளியே எறிந்தாள். குனிந்து ஏணியின் மேல் முனையைப் பிடித்து இழுத்தாள். கனமான ஏணி, பாதி வந்து மாட்டிக்கொண்டது. அக்கா கண்ணைத் திறந்து பார்த்து, சக்கரத்தை உருட்டி வந்து, தானும் ஒரு கை போட்டாள். அந்தக் கை இரும்பு என்று சொன்னேனே. இரண்டு இழுப்பில் ஏணி உள்ளே வந்தது. சாவியம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து ஜன்னல் கம்பி வழியே கீழே போட்டாள். அது இன்ஜினியரின் காலடிச் சேற்றில் விழுந்தது.

"ஏம்மா! என்னம்மா இது! பெரியவர் வந்துக்கிட்டிருக்கார்!" கீழே ஒரே கூச்சல். கிரேன்காரன் கதவை உடைக்கச் சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்றான். கதவு யார் கதவு என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெருக்காரர்கள் மண்வெட்டியும் கையுமாகக் கூடிவிட்டார்கள். போட்டோகிராபர் பேனரை விட்டுவிட்டு ஜன்னலைப் படம் எடுத்தான்.

கடைசியில் இன்ஜினியர் வெல்டரிடம் வந்தார். குரலில் தேன். "தம்பி, அந்தப் படியை ஒரு ரெண்டு மணி நேரத்துல திரும்ப மாட்டிட முடியுமா? தற்காலிகமாத்தான்."

"மாட்டலாம் சார். துண்டு போட்ட இரும்பைக் குடுங்க, ஒட்டிடறேன்."

"இரும்பு... சார், இரும்பு எங்க இருக்கு இப்ப?" என்று இன்ஜினியர் பக்கத்தில் திரும்பினார்.

தலைநகர்க்காரர் தொண்டையைச் செருமினார். "அது அன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டாச்சே. நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே. வந்த காசை ரெண்டு துறையும் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம். ஒப்பந்தப்படிதான்."

தெருக்காரர்கள் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார்கள்.

"என்னடி சொல்றான்? சரியாக் கேக்கல" என்றாள் அக்கா.

"உன் கட்டிலை வித்துட்டாங்களாம். ஆளுக்குப் பாதி."

அக்கா ஜன்னலோரமாக வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். வெயிலுக்கு விரித்த ஒரே குடையும் அதன்கீழ் நாலு கால்களும் தெரிந்தன. முப்பது வருஷம் கண்டவன் அழுக்கையெல்லாம் முகம் சுளிக்காமல் துடைத்தவள் அவள். அன்றைக்குத்தான் சுளித்தாள். வாயைக் குவித்துக் காறி, "தூ" என்று துப்பினாள். அது குடையின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது, அவர்கள்மேல் படவில்லை.

சாவியம்மா பின்னால் வந்து, நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினாள்.